பின்னால் சைரன், முன்னால் சிவப்பு விளக்கு

கேள்வி: வணக்கம் சார். நான் கோவையில் வசிக்கிறேன். கார் ஓட்டப் பழகி ஒரு வருடம்தான் ஆகிறது. சென்ற வாரம் சாயங்காலம் ஒரு சிக்னலில் மீடியனை ஒட்டி முதல் ஆளாக நின்றிருந்தேன். இடப்பக்கம் ஒரு டவுன் பஸ். பின்னால் 108 சைரனோடு வந்துவிட்டது. எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். எதிரே சிவப்பு விளக்கு, தலைக்கு மேலே கேமரா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சை விழும்வரை அப்படியே நின்றுவிட்டேன். பைக்கில் வந்த ஒருவர் “மனசாட்சியே இல்லையா?” என்று திட்டிவிட்டுப் போனார். சிக்னலைத் தாண்டியிருந்தால் ஃபைன் வந்திருக்கும் என்கிறார் என் கணவர். வழிவிடாததற்குத்தான் பத்தாயிரம் ஃபைன் என்கிறார் கொழுந்தனார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேம்பாலத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது? உள்ளே ஆளே இல்லாத ஆம்புலன்ஸ்கூட சைரன் போட்டுக்கொண்டு போகிறதே, அதற்கும் வழிவிட வேண்டுமா? வீட்டில் மாமியார் இதய நோயாளி. அவசரம் என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் காரிலேயே கூட்டிப் போய்விடலாமா?

பதில்: சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாயாமல் நின்றீர்களே, அது சரி. பைக்காரர் திட்டியதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆனால் நின்ற இடத்திலேயே நீங்கள் செய்திருக்கக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. நான் பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். இப்போது புதிதாக வரும் பைலட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை எங்கள் தொழிலில் பைலட் என்றுதான் சொல்வோம். அதனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் கார் எங்களுக்கு எப்படித் தெரியும் என்பதிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கொழுந்தனார் சொன்ன தொகை சரிதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தீயணைப்பு வண்டியோ, ஆம்புலன்ஸோ, மாநில அரசு குறிப்பிட்டிருக்கும் வேறு அவசர வாகனமோ வரும்போது ஓரம் ஒதுங்காதவருக்கு ஆறு மாதம்வரை சிறை, இல்லையென்றால் 10,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இந்தத் தொகையை வசூலிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு கேட்பது ஓரம் ஒதுங்குவதை மட்டுமே. சிவப்பு விளக்கைத் தாண்டச் சொல்லவில்லை. அவசரத்தின்போது சிவப்பு விளக்கைக் கவனமாகக் கடந்து போகலாம் என்ற சலுகையை 2017-ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் அந்த அவசர வாகனத்துக்குத்தான் கொடுத்திருக்கின்றன. அதன் முன்னால் நிற்கும் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணவர் சொன்ன ஃபைனைவிடப் பெரிய காரணம் வேறு. நாங்கள் சிவப்பில் சந்திப்பைக் கடக்கும்போது வண்டியை ஏறக்குறைய நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தடமாகப் பார்த்து, அந்தப் பக்கத்து ஓட்டுநர் எங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நகர்வோம். குறுக்கே பச்சையில் வருகிறவருக்குச் சைரன் கேட்டால் அவர் கண் ஆம்புலன்ஸைத்தான் தேடும். அதற்கு முன்னால் திடீரென்று பாய்ந்து வரும் உங்கள் காரை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். உங்களுக்குச் சைரனும் இல்லை, சுழல் விளக்கும் இல்லை. அங்கே ஒரு மோதல் நடந்தால் சந்திப்பே அடைபட்டுப் போகும். அப்புறம் பின்னால் இருக்கும் ஆம்புலன்ஸுக்கு எந்தப் பக்கமும் வழி இருக்காது. ஒருவேளை போக்குவரத்துக் காவலர் நின்றுகொண்டு “வா வா” என்று கையசைத்தால் விளக்கைப் பார்க்காதீர்கள். அவர் கைதான் சிக்னல்.

சரி, அப்படியானால் என்ன செய்திருக்கலாம்? ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக மூன்றரை மீட்டர். இரண்டு தடம் சேர்ந்தால் ஏழு மீட்டர். பஸ் அகலம் இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டும். உங்கள் கார் ஒன்றே முக்கால் மீட்டருக்குள்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் இரண்டு மீட்டர் சொச்சம். மூன்றையும் கூட்டினால் ஏழு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பஸ் இடது ஓரத்தை ஒட்டி, நீங்கள் வலது ஓரத்தில் மீடியனை ஒட்டி நின்றிருந்தால் ஆம்புலன்ஸ் நடுவில் புகுந்து போயிருக்கும். ரியர்வியூ கண்ணாடிகளை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கலாம், அவ்வளவுதான். பஸ் டிரைவர்களுக்கு இது தெரியும். நீங்கள் வலப்பக்கம் இன்டிகேட்டர் போட்டு, முன்சக்கரத்தை வலதுபுறம் திருப்பி அரை அடி நகர்ந்தாலே அவருக்குப் புரிந்துவிடும். அவரும் தன் பக்கம் ஒதுங்குவார்.

நகர்வதற்கு முன்பக்கம் இடம் வேண்டுமே என்று கேட்பீர்கள். நீங்கள் முதல் வண்டி. நடந்து கடப்பவர் யாரும் இல்லையென்றால் நிறுத்தக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று அடி ஊர்ந்து, வலது ஓரத்தில் சாய்வாக நின்றிருக்கலாம். குறுக்குப் போக்குவரத்துக்குள் மூக்கை நீட்டாத அளவுக்கு மட்டும். சட்டப்படி பார்த்தால் கோட்டைத் தாண்டுவதும் மீறல்தான். நானாக இருந்தால் அந்த இரண்டடியைத் தயங்காமல் எடுப்பேன், சந்திப்பின் நடுவுக்கு மட்டும் போக மாட்டேன். அதற்குச் செலான் வந்தால் இ-செலான் இணையதளத்தில் புகார் கொடுக்க ஒரு பகுதி இருக்கிறது. தேதி, நேரம் குறிப்பிட்டு, காரில் டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவையும் வைத்து விளக்கலாம். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு அலங்காரச் சாமான் வாங்குவதற்குப் பதில் ஒரு டேஷ்கேம் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

முதல் வண்டியாக இல்லாமல் வரிசை நடுவில் மாட்டிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. அங்கே பிரச்சினை சைரன் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நம் ஊர் சிக்னலில் வண்டிகள் பம்பரோடு பம்பர் ஒட்டித்தான் நிற்கும். சைரன் வந்த பிறகு ஒதுங்க மனம் இருந்தாலும் ஸ்டியரிங்கை ஒடிக்க இடம் இருக்காது. இனிமேல் எங்கே நின்றாலும் முன்னால் இருக்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் பின்னால் எடுக்காமலேயே பக்கவாட்டில் திரும்பிவிடலாம். அந்த இடைவெளியில் ஒரு பைக் வந்து நுழையும். நுழையட்டும், பைக்கை நகர்த்துவது சுலபம். இடது தடத்தில் நின்றிருந்து ஃப்ரீ லெஃப்ட் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடுங்கள். அரை கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும், அதனால் என்ன?

நீங்கள் திகைத்துப் போனதற்கு இன்னொரு காரணம், சைரன் உங்களுக்குத் தாமதமாகக் கேட்டிருக்கும். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பாட்டும் ஓடினால் இப்போதைய கார்களுக்குள் வெளிச்சத்தம் அவ்வளவாக நுழையாது. கேட்டாலும் முன்னாலா பின்னாலா என்று காது சட்டென்று சொல்லாது. இடம் வலம் கண்டுபிடிப்பதில் நம் காது கெட்டி, முன் பின் கண்டுபிடிப்பதில் கொஞ்சம் மந்தம். இருபுறமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் எதிரொலி வேறு குழப்பும். அதனால் காதில் லேசாகச் சைரன் விழுந்ததுமே பாட்டை நிறுத்துங்கள், ஒரு கண்ணாடியை இறக்குங்கள், ரியர்வியூ கண்ணாடியைப் பாருங்கள். ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதியிருப்பதே உங்கள் கண்ணாடியில் நேராகத் தெரியட்டும் என்றுதான். நகரத்தில் எங்காவது சைரன் கேட்டு, திசை புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, இருக்கிற தடத்திலேயே நேராகப் போங்கள். திசை தெரியாமல் தடம் மாறுவதுதான் ஆபத்து.

இப்போது பைலட் இருக்கையிலிருந்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கும். நம் ஊர் ஆம்புலன்ஸ்களில் பெரும்பாலானவை வேன் வகை. உயரம் அதிகம், கருவிகளும் ஆட்களும் சேர்ந்தால் எடை ஏறக்குறைய மூன்று டன். கார் மாதிரி சட்டென்று நிற்கவும் முடியாது, வளைக்கவும் முடியாது. அதனால் நாங்கள் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைவிட அதன் முன்சக்கரத்தைப் பார்ப்போம், இன்டிகேட்டரைப் பார்ப்போம், ஓட்டுநரின் தலை கண்ணாடிப் பக்கம் திரும்புகிறதா என்று பார்ப்போம். நீங்கள் எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். முதலில் இடது, அப்புறம் யோசித்து வலது, அப்புறம் நடுவிலேயே பிரேக்: எங்களை நிறுத்துவது இதுதான். வழியே விடாமல் நேராகப் போகிற லாரியைக்கூடச் சமாளித்துவிடலாம், அவர் என்ன செய்வார் என்பதாவது தெரியும்.

நாங்கள் ஏன் பிரேக்குக்கு இவ்வளவு பயப்படுகிறோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பின்னால் அவசர மருத்துவ உதவியாளர், நாங்கள் இ.எம்.டி. என்போம், பெரும்பாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். நோயாளிக்கு இதயம் நின்றிருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், பிடிமானத்துக்கு மூன்றாவது கை கிடையாது. முன்னால் ஒரு கார் திடீரென்று பிரேக் அடித்தால் அவர் தடுப்பில் போய் மோதுவார், அழுத்துவது நிற்கும். முதுகெலும்பில் அடிபட்டவர் படுத்திருந்தால் அந்தக் குலுக்கல் அவருக்கு என்ன செய்யும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரே சீராக 40-ல் போக விடுவது, 80-க்கும் பூஜ்ஜியத்துக்கும் மாறி மாறிப் போவதைவிட எங்களுக்கு நல்லது. ஆகவே சைரன் கேட்டவுடன் இருந்த இடத்திலேயே கட்டையாக நின்றுவிடாதீர்கள். இன்டிகேட்டர், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது, மெதுவாக ஓரம், அப்புறம் தேவைப்பட்டால் நிறுத்தம். இந்த வரிசை போதும்.

எந்தப் பக்கம் ஒதுங்குவது? ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் இடது. இதில் சந்தேகம் வேண்டாம். நான்கு வழிச்சாலையில் ஆம்புலன்ஸ் வலது தடத்தைத்தான் எதிர்பார்க்கும், வலது தடத்தில் இருப்பவர் இடதுக்கு மாற வேண்டும். மெதுவாகப் போகும் லாரியும் பஸ்ஸும் வலது தடத்தையே சொந்தம் கொண்டாடுவது நம் நெடுஞ்சாலைகளின் பழைய வியாதி. எங்களை இடப்பக்கமாக முந்த வைப்பதும் அவர்கள்தான், அங்கேதான் பைக்காரர்களும் நடந்து போகிறவர்களும் இருப்பார்கள். மீடியன் இல்லாத இருவழிச் சாலையில் எதிரே வருகிறவரும் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் சாலையில் உங்கள் பக்கத்திலேயே எதிராக வந்துகொண்டிருக்கலாம். வளைவிலும், மேடு ஏறி இறங்கும் இடத்திலும், குறுகிய பாலத்திலும் நிறுத்தாதீர்கள். அங்கே நீங்கள் நின்றால் நாங்கள் கண் தெரியாத இடத்தில் முந்த வேண்டியிருக்கும். நூறு மீட்டர் தள்ளிப் போய் ஒதுங்கினால் அவ்வளவு நேரம் பொறுமையாகப் பின்னால் வருவோம்.

நெரிசலில் எல்லாமே நின்றுபோன இடத்தில்தான் நான் முன்னே சொன்ன ‘நடுவில் வழி’. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், ஆஸ்திரியாவில் 2012 முதல். அங்கே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து நகரத் தொடங்கியதுமே, சைரன் கேட்கும்வரை காத்திருக்காமல், கடைசி இடது தடத்தவர்கள் இடப்பக்கமும் மற்ற எல்லோரும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு பாதையைத் திறந்துவைக்க வேண்டும். அவர்கள் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நமக்கு அதை அப்படியே புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்: மீடியனை ஒட்டிய தடத்தவர் வலப்பக்கம், மற்றவர்கள் இடப்பக்கம். நம் சட்டத்தில் இப்படித் தடம் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் நின்றுபோன போக்குவரத்தில் எல்லோரும் இடதுக்கே போக முயன்றால் யாரும் எங்கும் போக முடியாது.

மேம்பாலம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊரில் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறந்துவிட்டார்கள். அதன் மேல் போகும்போது இடது தடத்தில் இருங்கள், வலது தடம் முந்துவதற்கு மட்டும். போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்தால் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். ஒரே தடம் உள்ள மேம்பாலத்தில் ஆம்புலன்ஸ் பின்னால் வந்துவிட்டால் நிற்கவே கூடாது. வேக வரம்புக்குள் சீராகப் போய், இறங்கியதும் இன்டிகேட்டர் போட்டு ஒதுங்குங்கள். பின்னால் சைரன் அலறுகிறதே என்று பதற்றப்பட்டு 90-ல் பறக்க வேண்டாம். அந்த அலறல் உங்களைத் துரத்துவதற்கு இல்லை. அது போட்டது போட்டபடி கத்திக்கொண்டுதான் இருக்கும். ரவுண்டானாவிலும் இதே விதிதான்: உள்ளே நிற்காமல், உங்கள் பக்கம் வெளியே வந்து ஒதுங்குங்கள். கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்களே, அங்கே திரும்பக் காத்திருக்கும் கார்களின் மூக்கு வலது தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சைரன் கேட்டால் திரும்புவதை நிறுத்தி மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை தனிக் கதை. வால்பாறைக்குப் போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து பிரசவ வலியோடோ யானை அடித்த காயத்தோடோ கீழே வரும் ஆம்புலன்ஸுக்கு எதிரே சுற்றுலாக் கார்கள் ஏறிக்கொண்டிருக்கும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் இறங்கி வருவது ஆம்புலன்ஸ் என்றால் அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். வளைவுகளில் சாலை அகலமாக இருக்கும் இடத்தில் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்தாக்குப் பக்கம், அதுவும் மழைக்காலத்தில் மண் ஓரத்தில், சக்கரத்தை இறக்க வேண்டாம். ஒரு வண்டிக்கு வழிவிடப் போய் இன்னொரு வண்டியை மீட்க வேண்டிய நிலை வரக்கூடாது.

ரயில்வே கேட் என்றால் எனக்குக் கோபம் வரும். கேட் மூடியதும் இடப்பக்க வரிசை நிறைந்துவிடும். அடுத்து வருகிறவர் அழகாக எதிர்த்தடத்தில் போய் முதல் ஆளாக நிற்பார். அவர் பின்னால் பத்துப் பேர். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே காட்சி. திறந்ததும் இரண்டு படைகள் நேருக்கு நேர் நிற்கும், நடுவில் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டினால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ரயில் போகக் காத்திருக்கும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. கேட் திறந்த பிறகு வீணாகும் நேரம் முழுக்க நம் கைங்கர்யம். உங்கள் பக்கத்தில் நில்லுங்கள், வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். டோல்கேட்டிலும் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது, அவசர வாகனங்களுக்கென்று ஒரு வழியும் இருக்கும். வரிசை நீளமாக இருக்கிறதே என்று அதில் நுழையாதீர்கள்.

உங்களைத் திட்டிய பைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவராக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. திறந்த வழியில் ஓசியில் போய்விடலாம் என்று எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நாங்கள் பிரேக் அடித்தால் பின்கதவில்தான் வந்து விழுவார்கள். ஆம்புலன்ஸ் போய்விட்டது என்று நினைத்து ஓரத்திலிருந்து திரும்ப வருகிறவர்கள் இவர்களைக் கவனிக்கவும் மாட்டார்கள். இதில் இன்னொரு கூட்டம், எங்களுக்கு முன்னால் பைக்கில் போய், எழுந்து நின்று, கையை வீசி வழி ஏற்படுத்தித் தரும் இளைஞர்கள். நல்ல மனசு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் விழுந்தால் நாங்கள் நிறுத்தியாக வேண்டும், பின்னால் ஒரு உயிர் இருக்கும்போதே முன்னால் இன்னொன்று. தயவுசெய்து வேண்டாம். ஆம்புலன்ஸுக்காக நீங்கள் ஹாரன் அடிப்பதும் வேண்டாம். முன்னால் இருப்பவருக்குச் சைரன் எங்கிருந்து வருகிறது என்பதையே அது மறைத்துவிடும்.

ஒரு ஆம்புலன்ஸ் போனவுடனே சாலைக்குத் திரும்பிவிடாமல் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். பெரிய விபத்து என்றால் இரண்டாவது, மூன்றாவது வண்டியும் வரும். தீயணைப்பு வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள், அவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அந்த வண்டியின் தொட்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும். பிரேக் அடித்தால் தண்ணீரும் சேர்ந்து முன்னால் தள்ளும். அதனால் ஆம்புலன்ஸுக்கு விடுவதைவிட அதிக இடம், அதிக தூரம் விட வேண்டும். அவர்களுடைய பெரிய எதிரி ஓடும் வண்டிகள்கூட இல்லை, தெருமுனையில் நிறுத்திவைத்த கார்கள். முனையை ஒட்டி ஒரு கார் நின்றால் அந்தத் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி திரும்பவே முடியாது.

ஆள் இல்லாத ஆம்புலன்ஸ் சைரன் போடலாமா என்கிறீர்கள். உள்ளே ஆள் இல்லாதபோதுதான் பல நேரம் அவசரம் அதிகம். யாரோ ஒருவர் ரத்தம் வடிய ரோட்டில் கிடக்கிறார், அவரை எடுக்கத்தான் அந்த வண்டி போகிறது. ஏற்றிய பிறகாவது பக்கத்தில் ஆக்ஸிஜனும் ஆளும் இருக்கும். போய்ச் சேரும்வரை அவருக்கு எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து உள்ளே யாருமில்லை என்று சொல்லவும் முடியாது, படுத்திருப்பவர் ஜன்னலில் தெரிய மாட்டார். அதற்காக எல்லா ஆம்புலன்ஸும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. டீ குடிக்கச் சைரன் போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் தொழிலுக்கே அது கேடு. சந்தேகம் வந்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு காவல்துறையிடம் சொல்லுங்கள். வழியை மட்டும் விட்டுவிடுங்கள். சாலையில் நின்று விசாரிக்க நேரமில்லை. அமரர் ஊர்தி வேறு, அதற்கு இந்த அவசரம் கிடையாது. அரசியல்வாதிகளின் கார் பற்றிய குழப்பமும் முன்பு இருந்தது. 2017 மே 1 முதல் பிரமுகர்களின் காரில் சிவப்புச் சுழல் விளக்கு கிடையாது.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. உறுப்பு தானத்துக்காகப் போகும் ஆம்புலன்ஸுக்குச் சாலையையே காலி செய்கிறார்களே, நமக்கு ஏன் அப்படி இல்லை என்பது. 2008 செப்டம்பரில் சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு நிமிடங்களில் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் 108 சேவையும் தொடங்கியது. உறுப்பு போகிற நேரமும் பாதையும் முன்கூட்டியே தெரியும், சந்திப்புக்குச் சந்திப்பு காவலர்களை நிறுத்தலாம். தினசரி ஓடும் 108-க்கு அது முடியாத காரியம். எங்கே எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வண்டிகளுக்கு உங்களைப் போல ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் விடுகிற வழிதான் வழி.

கடைசியாக மாமியார். நெஞ்சுவலி வந்தால் உங்கள் காரில் ஏற்றிப் போக வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஹெட்லைட் போட்டு, ஹாரன் அடித்து, ஜன்னலில் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு போகும் காரைப் பார்த்தால் நானும் வழிவிடுவேன், நீங்களும் விடுங்கள். ஆனால் சட்டப்படி அது அவசர வாகனம் இல்லை, சிவப்பில் போக அதற்கு உரிமை இல்லை. ஓட்டுகிறவர் பதற்றத்தில் இருப்பார், பின்சீட்டில் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவரும் இருக்க மாட்டார், அழுத்த இடமும் இருக்காது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருக்கும், மேம்பட்ட வண்டி என்றால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் இருக்கும். எந்த மருத்துவமனையில் இதய சிகிச்சை வசதி உண்டு என்பதும் தெரிந்து நேராக அங்கே போவார்கள். வண்டி வர ரொம்ப நேரமாகும் என்று 108-ல் சொன்னால்தான் சொந்தக் கார். அப்போதும் ஓட்டுகிறவர் வேறு, மாமியார் பக்கத்தில் உட்காருகிறவர் வேறு. சிக்னல்களில் நின்றே போங்கள்.

அழைக்கும்போது முதலில் ஊர், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளியோ சொல்லுங்கள், அப்புறம் நோயைச் சொல்லுங்கள். லைன் துண்டித்துப் போனால்கூட வண்டி கிளம்பிவிடும். அந்த போனை வேறு யாரிடமும் பேசப் பயன்படுத்தாதீர்கள், பைலட் வழி கேட்க அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். மாமியாரை நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க வைக்கவே வேண்டாம், தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள். கொழுந்தனார் மெயின் ரோட்டு முனையில் போய் நிற்கட்டும், இரவாக இருந்தால் போன் டார்ச்சை ஆட்டட்டும். அடுக்குமாடி என்றால் ஒருவர் லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். கணவர் கேட்டைத் திறந்துவைத்து, உங்கள் காரையும் பக்கத்து வீட்டுக் காரையும் தெருவிலிருந்து எடுத்துவிடட்டும். ஸ்ட்ரெச்சரைப் பின்கதவு வழியாகத்தான் இறக்குவோம், வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இடம் வேண்டும்.